உடையறதுக்கு முன்னாடி எவ்வளவு நீண்டுச்சு?

லண்டன்ல 99, சவுத்வார்க் தெருன்னு ஒரு பழைய கட்டடம். 'உண்மைகள், கருத்துகள் அல்ல'ன்னு வாசலுக்கு மேல செதுக்கியிருக்கும். உள்ளே சுமார் 14.5 மீட்டர் நீளத்துல ஒரு மெஷின் படுத்திருக்கு. இரும்புத் தண்டை ரெண்டு முனையிலயும் பிடிச்சு, அறுந்து போகிற வரைக்கும் இழுக்கும்.

இதை உருவாக்கினவர் டேவிட் கிர்கால்டி. 1820-ல ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துல பிறந்தவர். அந்தக் காலத்துல இரும்பு வாங்குறவங்க கேட்ட முக்கியமான கேள்வி, 'எத்தனை டன் தாங்கும்?' அது மட்டும் போதாதுன்னு 1862-ல வந்த தன்னோட புத்தகத்துல கிர்கால்டி வாதாடினார். உடையறதுக்கு முன்னாடி தண்டு எவ்வளவு நீண்டுச்சு, உடைஞ்ச இடத்துல எவ்வளவு மெலிஞ்சுது, அதையும் பாருங்கன்னார்.

கணக்கு சின்னதுதான். தண்டு மேல 250 மில்லிமீட்டர் இடைவெளியில ரெண்டு புள்ளி வைங்க. அறுந்ததும் துண்டுகளை ஒட்ட வச்சு அளந்தா 300 வருது. கூடின 50-ஐ பழைய 250-ஆல வகுத்தா 0.2, அதாவது 20 சதவீதம். பள்ளிக்கூடப் புத்தகத்துல 'திரிபு'ன்னு படிச்சோமே, அதுதான். (மனப்பாடம் பண்ணப்போ, இதுல உயிர் போற விஷயம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.)

ஆனா இதுல ஒரு பொடி இருக்கு. தண்டு சீரா நீளாது. அறுகிற இடத்துல மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி, அங்கதான் அதிகமா இழுபடும். அதே தண்டுல புள்ளிகளை 50 மில்லிமீட்டர் தள்ளி வச்சு, நடுவுல அறுந்தா சதவீதம் எகிறிடும். அதனால எந்த நீளத்துல அளந்தாங்கன்னு சொல்லாம '20 சதவீதம்'னா அதை நம்ப முடியாது.

1879 டிசம்பர் 28, புயல் ராத்திரி. டண்டீக்குப் போற டே பாலம், மேல ஓடின ரயிலோட ஆத்துல விழுந்தது. ரயில்ல இருந்த ஒருத்தரும் பிழைக்கல. சுமார் 75 பேர்.

உடைஞ்ச பாகங்கள் கிர்கால்டிகிட்ட வந்தன. பாலத்தூண்களை இழுத்துக் கட்டியிருந்த தண்டுகள் தேனிரும்பு, அது நீளக்கூடியது. ஆனா அந்தத் தண்டுகளை மாட்டின 'காதுகள்' தூணோட சேர்த்து வார்த்த வார்ப்பிரும்பு. இழுத்துப் பார்த்தப்போ பெரும்பாலும் உடைஞ்சது காதுதான், அதுவும் கணக்குப் போட்ட பலத்துல பாதியைக்கூட எட்டாம. போல்ட் துளைகள் சரிவா இருந்ததால பாரம் முழுக்க ஒரு ஓரத்துலயே விழுந்திருக்கு. தேனிரும்பா இருந்தா அந்த ஓரம் கொஞ்சம் இளகி பாரத்தைப் பரப்பியிருக்கும். வார்ப்பிரும்பு ஒரு சதவீதம்கூட நீளாது. எச்சரிக்கையே இல்லாம பட்டுனு போயிடும்.

வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூணுமே மோசம்னு விசாரணை அறிக்கை சொன்னது. காத்தோட வேகத்துக்குன்னு தனியா கணக்கே போடலைன்னும் தெரிய வந்தது. வடிவமைச்ச தாமஸ் பௌச் அடுத்த வருஷமே, 1880-ல, இறந்துபோனார். கிர்கால்டியோட மெஷின் இன்னும் அதே கட்டடத்துல இருக்கு. இப்போ அது மியூசியம்.