கறி போன வழி

எங்கள் தெருமுனையில் சென்ற மாதம் தாய்லாந்து உணவகம் ஒன்று திறந்தார்கள். வீட்டில் வயதானவர்கள் உண்டு; போய் அமர்ந்து உண்பது கூடிவரவில்லை. ஒரு ஞாயிறன்று பார்சல் வாங்கிவந்தோம். பாட் தாய், மஸ்ஸமான், காய்கறி போட்ட கேங் கரி, வெறுஞ்சோறு. அம்மா சைவம் என்பதால் கேங் கரி அவருக்காக.

தமிழாசிரியர்களாகிய நாங்கள் தாய்லாந்து என்றதும் தக்குவாபா கல்வெட்டில் தொடங்குவோம். அந்நாட்டின் மேற்குக் கரையில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் குறிப்பிடுவது. அவனிநாரணன் என்பது நந்திக்கலம்பகத் தலைவனான மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அடுத்து பாங்காக் அரசவைப் பிராமணர்களின் திரியம்பாவை விழா. திருவெம்பாவை என்பதன் திரிபு. அதன் பேரூஞ்சல் சடங்கு 1935இல் நின்றது; விழா நிற்கவில்லை. இத்தனையும் சொல்லிப் பழகிய வாய்க்கு, அவர்கள் சமையலும் நாம் கொடுத்ததாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. "பார்த்தீர்களா, கரி என்பது நம் கறி" என்று அன்று வீட்டிலும் பாடம் எடுத்தோம்.

சொல் நம்முடையதுதான். ஆனால் அவர்களுடைய பொதுச்சொல் கேங். அதில் எத்தனையோ வகை. நம் பெயரைத் தாங்கியது ஒன்றே ஒன்று. மஸ்ஸமானோ முசல்மான் என்பதன் தாய் வடிவம். ஏலமும் பட்டையும் கிராம்பும் முஸ்லிம் வணிகர் வழி வந்து சேர்ந்த குழம்பு. அரசர் இரண்டாம் ராமா (ஆட்சி 1809-1824) இயற்றிய படகுப் பாடலில் அது இடம்பெற்றிருக்கிறது. குழம்பைப் பாடிய அரசர் நமக்கு வாய்க்கவில்லையே என்று சிறு பொறாமை.

சுவையான செய்தி மிளகாயில் இருக்கிறது. போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் அவர்களுடைய தூதர் அயுத்தயாவுக்குச் சென்றார். அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் ஆசியாவுக்கு வந்தது அவர்களுடைய கப்பல்களால். அதற்கு முன் அங்கும் இங்கும் உறைப்பு என்றால் மிளகே. தாய் மொழியில் மிளகாய்க்குப் பெயர் பிரிக். மிளகுக்கு? பிரிக் தாய், அதாவது 'தாய்நாட்டுப் பிரிக்'. வந்தவன் பெயரை எடுத்துக்கொள்ள, இருந்தவன் அடைமொழியோடு நிற்க வேண்டியதாயிற்று. தமிழில் நாம் மிளகை மிளகாகவே விட்டு, புதியதற்கு மிளகாய் என்று பெயர் கட்டினோம். ஆனால் மிளகின் இன்னொரு பழம்பெயரைக் கைவிட்டோம். சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. யவனர் பொன்னோடு வந்து ஏற்றிப்போன கறி அதுதான்.

பாட் தாய் பெயரிலேயே நாட்டைச் சுமப்பது. சயாம் 1939இல் தாய்லாந்து ஆனது பிபுன் சொங்க்ராமின் ஆட்சியில். தேசியம் பேசிய அதே ஆட்சிதான் அரிசி நூடுல்ஸையும் ஊக்குவித்தது. நூடுல்ஸும் அதைக் குழிவான இரும்புச் சட்டியில் வதக்கும் முறையும் சீனருடையவை. புளியோ ஆப்பிரிக்க மரம். தேசிய உணவு என்று நெற்றியில் எழுதப்பட்டது பாதிக்குமேல் வந்தேறி. நம் சாம்பாரின் மிளகாயும் புளியும் இதைக் கேட்டுச் சிரிக்கும்.

அம்மா கேங் கரியை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினார். "கருவாடு வாசனை அடிக்குதே." கடைக்குப் பேசினோம். காய்கறி மட்டும்தான் என்று உறுதியாகச் சொன்ன குரல், அரைத்த மசாலாவில் இறால் விழுது இருப்பதைப் பிறகு மெதுவாக ஒப்புக்கொண்டது. மீன்சாறு அவர்களுக்கு உப்பைப் போல. அதை அசைவக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். முன்பே விசாரிக்காதது எங்கள் தவறு. நூல்களில் படித்தது பரிமாறும்போது நினைவுக்கு வரவில்லை.

அம்மா வாய் கொப்பளித்துவிட்டு வந்து, வெறுஞ்சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்: "கறின்னா நம்ம வார்த்தைன்னு சொன்னியே, அதுல எறா எங்கேருந்து வந்துச்சு?"

அவருக்குக் கறி என்றால் வாழைக்காய்க் கறி, சேனைக்கிழங்குக் கறி. எதிர்வீட்டில் கறி எடுத்தார்கள் என்றால் ஆட்டிறைச்சி. சங்கப் புலவனுக்கு மிளகு. இதை அவருக்கு விளக்கத் தொடங்கினோம். அவர் ஊறுகாயைக் கேட்டார்.