சீகன்பால்க் ஐயரின் மாணவப் பருவம்

சோழமண்டலக் கரையில் டேனிஷ்காரரின் கொடி பறந்த தரங்கம்பாடித் துறைக்கு, 1706-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ம் நாள் ‘சோபியா ஹெட்விக்’ என்னும் கப்பலில் வந்து சேர்ந்த ஜெர்மானியப் பாதிரிமார் இருவருள் ஒருவராகிய பார்த்தலோமேயு சீகன்பால்க் ஐயர், பிற்காலத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார் என்பதும், தமிழுக்கு இலக்கணமொன்றை லத்தீன் மொழியில் எழுதி வெளியிட்டார் என்பதும், எருசலேம் ஆலயத்தை எழுப்பினார் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். அவற்றையே மறுபடியும் அடுக்கிப் பக்கங்களை நிரப்புவதில் எனக்கு ஊக்கமில்லை. அவர் எதையும் சாதித்திராத அந்த முதற் சில மாதங்களைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்; பின் விளைந்த காரியங்கள் யாவும் அக்காலத்தில் அவர் ஏற்றுக்கொண்ட மாணவ நிலையிலிருந்து கிளைத்தவையே என்பது என் துணிபு.

சாக்ஸனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஹாலே நகரில் பிராங்கே என்னும் பெரியாரின் கண்காணிப்பில் தொடங்கிய கல்வியையும் உடல் நலிவால் தொடர முடியாது விட்ட இவ்விளைஞரை, டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் விருப்பப்படி, புளூட்சோ என்னும் தோழரோடு சேர்த்துக் குருப்பட்டம் அளித்துக் கோபன்ஹேகனிலிருந்து அனுப்பி வைத்தனர். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு 1620-ல் தரங்கையில் கோட்டை கட்டிய டேனிஷ்காரருக்கு, அவ்வூர்க் குடிகளின் ஆத்தும நலத்தைப் பற்றிய நினைவு வர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்நினைவும் அரசருக்கு வந்ததேயன்றி வியாபாரக் கும்பெனிக்கு வரவில்லை.

இவ்வேறுபாட்டின் பலனைக் கரையேறிய அன்றே இருவரும் அனுபவித்தனர். கோட்டைத் தலைவர் ஹாசியஸ், மன்னரின் கட்டளையோடு வந்த குருமாரை நெடுநேரம் காக்க வைத்து, பின்பு வந்து, இவ்வூரில் உங்களுக்கு என்ன வேலை என்னும் பாவனையில் விசாரித்து, தங்குவதற்கு இடமும் காட்டாமல் கடைத்தெருவில் விட்டுச் சென்றார் என்றும், அங்கிருந்தோரில் ஒருவர் மனமிரங்கி அவர்களுக்குப் புகலிடம் தேடிக் கொடுத்தார் என்றும் வரலாறு கூறுகிறது. ஹாசியஸைக் கொடியவராகச் சித்திரிப்பது நம்மவர் வழக்கம். எனினும், மிளகும் துணியும் வாங்கி விற்பதற்காக அமர்த்தப்பட்ட ஓர் அதிகாரிக்கு, நாட்டாரின் சமயத்தில் தலையிடும் எவரும் வியாபாரத்துக்கு இடையூறாகவே தோன்றுவர் என்பதையும் நடுநிலையோடு நினைத்தல் வேண்டும்.

அதிகாரிகளின் தயவு கிட்டாமற் போனதே இவ்விளைஞருக்கு நன்மையாக முடிந்தது. கோட்டைக்குள் விருந்தினராய் வரவேற்கப்பட்டிருந்தால், ஐரோப்பியரின் மேசையருகே அமர்ந்து, துபாஷிகளின் வாய்மொழியாகவே நாட்டைக் கண்டு பொழுதைக் கழித்திருக்கவும் கூடும். வரவேற்பற்ற அவர்களோ மொழியைத் தேடி நாட்டாரிடமே செல்ல வேண்டியவராயினர். கடற்கரை ஊர்களில் ஐரோப்பியரும் அவர்களுடைய ஊழியரும் பேசிக்கொள்ளப் பொது மொழியாயிருந்தது போர்த்துக்கீசியம். அதனைப் புளூட்சோ கைக்கொள்ள, தமிழைச் சீகன்பால்க் தம்முடைய பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்.

ஆனால் தமிழைக் கற்பது எங்ஙனம்? அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ அவர் கையில் இல்லை. எழுபது வயது சென்ற உபாத்தியாயர் ஒருவரை அணுகி, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளோடு தம் வீட்டிற்கே கொணரும்படி ஏற்பாடு செய்துகொண்டு, அப்பிள்ளைகளின் நடுவே தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் ‘அ’ எழுதித் தொடங்கினார். கிரேக்கமும் லத்தீனும் எபிரேயமும் பயின்ற ஒரு குரு, தம் வயதில் மூன்றிலொரு பங்கும் நிரம்பாத சிறுவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து அவர்கள் சொல்லச் சொல்லத் தாமும் சொல்லிவந்த காட்சி அவ்வூராருக்குப் பெரும் வேடிக்கையாய் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எழுத்துகள் விரைவில் வசமாயின; பொருளோ புலப்படவில்லை. உபாத்தியாயருக்குத் தமிழன்றி வேறு பாஷை தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைக் கூட்டிப் படிக்கவும், படித்தது இன்னதென்று அறியாதிருக்கவும் நேர்ந்த இவ்விசித்திர நிலையை நீக்கியவர் அழகப்பன் என்பவர். கும்பெனியாரிடம் துபாஷியாயிருந்து போர்த்துக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் பழகிய அவரிடமிருந்து ஐயர் சொற்களையும் வாக்கியங்களையும் நாள்தோறும் எழுதிக்கொண்டார். பாதிரிமாரோடு கொண்ட இந்தத் தொடர்பினால் அழகப்பன் பின்னாளில் அடைந்த துன்பங்கள் சிறியவை அல்ல. ஐயரைப் போற்றும் விழா மேடைகளில் அவர் பெயரை யாரும் சொல்லக் காணோம்.

இன்னொரு திசையிலிருந்தும் உதவி கிட்டியது. ஐயருடைய சபைக்கும் ரோமன் கத்தோலிக்கச் சபைக்கும் இடையே அக்காலத்தில் இருந்த பகைமையை நோக்க, இதனை விதியின் குறும்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. ரோமன் கத்தோலிக்கக் குருமார் முன்னரே தமிழில் இயற்றி வைத்திருந்த நூல்கள் சில ஐயர் கைக்குக் கிடைத்தன. அவர்களுடைய கோட்பாட்டை மறுத்தவாறே, கிறிஸ்தவப் பொருள்களைத் தமிழில் உரைக்கும் சொற்களை அந்நூல்களிலிருந்தே அவர் பெற்றார். தமிழ் அச்சுக்கலையும் அவரோடு பிறந்தது என்று சிலர் உற்சாக மிகுதியால் பேசுவதுண்டு. அப்பெருமை 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளியிட்ட அண்ட்ரிக் பாதிரியாருக்கு உரியது.

நாட்கள் செல்லச் செல்ல, அவருடைய பயிற்சி ஒரு விரதத்தின் ஒழுங்கைப் பெற்றது. காலை ஏழு மணி தொடங்கி ஒரு நாழிகைக்கு மேலாகக் கற்ற சொற்களைத் திரும்பத் திரும்ப உருப்போட்டு, எட்டு மணி முதல் நண்பகல் வரை முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகிருத்தி முன் படித்திராத சுவடிகளைப் படித்து, உச்சி வெயிலுக்குப் பின் சற்றே இளைப்பாறி, மாலையில் மீண்டும் சுவடியைக் கையில் எடுப்பது அவர் வழக்கமாயிற்று. ஓலைச் சுவடிகளைத் தேடி உள்நாட்டு ஊர்களுக்கு ஆளனுப்பி, காலஞ்சென்ற கற்றோரின் கைம்பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு அவற்றை வாங்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார். வறுமையுற்ற அம்மாதரை எண்ணும்போது இச்செய்தி நமக்கு முழு மகிழ்ச்சி தருவதாயில்லை. ஆயினும் வந்து ஈராண்டு கடந்த 1708-ல், தமிழ்ப் புலவர் இயற்றிய 119 நூல்களைத் தனித்தனியே குறிப்பு வரைந்து பட்டியலிட்டு ஐரோப்பாவுக்கு அவரால் அனுப்ப முடிந்தது. திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் இடம்பெற்றன. கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் நீதி வெண்பாவையும் அவ்வாண்டிலேயே அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இவ்வளவு வாசித்தவர் வந்தபோது இருந்தவராகவே இருத்தல் இயலாது. இந்நாட்டாருக்கு ஒழுங்கான மொழியோ சீரிய வாழ்க்கை முறையோ இராது என்று தாம் முதலில் எண்ணியதையும், அவர்கள் நூல்களைப் படித்தறிந்த பின் அவ்வெண்ணம் மாறியதையும் ஐயர் ஒளிக்காமல் எழுதினார். சைவ வைணவ வழிபாடுகளைப் பற்றிய அவருடைய கண்டனம் மட்டும் கடைசிவரை தணியவில்லை. பல இடங்களில் அது கடுமையாகவும் இருந்தது. அதனை மறைத்து அவரைச் சமரச ஞானியாக ஆக்குவோர் அவருக்கும் உண்மைக்கும் நியாயம் செய்பவராகார். எனினும், ஒன்றை மறுப்பதற்கு முன் அதனை உடையவரின் வாயாலும் ஏட்டாலும் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் நியதியைத் திண்ணைப் பள்ளியில் பழகினார். அதனை அவர் கைவிடவில்லை.

கும்பெனியின் பகை வளர்ந்து 1708 நவம்பரில் அவரை நான்கு மாதம் சிறையில் அடைத்ததையும், 1713-ல் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்ததையும், 1719 பிப்ரவரியில் தமது 36-ம் வயதில் அவர் தரங்கையிலேயே காலமானதையும் விரித்துரைக்க இது இடமன்று. நாம் எடுத்துக்கொண்ட பொருளோடு இயைந்த செய்தி இன்னும் ஒன்றே உண்டு. நாட்டாரிடம் கேட்டும் சுவடிகளில் படித்தும் தொகுத்த அறிவையெல்லாம் திரட்டி, தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசை முறையையும் வழிபாட்டையும் விளக்கும் பெருநூலொன்றை 1713-ல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்து ஹாலேக்கு அனுப்பினார். மணலில் எழுத்துப் பயிலாத பிராங்கேயோ, புறச்சமயத்தை வேரறுப்பதற்காக அனுப்பப்பட்ட குருமார் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்று கருதி அதனை ஒதுக்கி வைத்தார். அந்நூல், ஆசிரியர் மறைந்து 148 ஆண்டுகள் சென்ற பின்னர், 1867-ல் சென்னையில் அச்சாயிற்று.