காற்றுக்கும் வெயிலுக்கும் விலை வைத்த கதை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரி போகிறவர்கள் பள்ளிக்கரணையில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். இன்று அதற்குத் தேசிய காற்று சக்தி நிறுவனம் என்று பெயர். 1998-இல் தொடங்கியபோது 'சி-வெட்' என்பார்கள். நாட்டில் எந்த ஊரில், எத்தனை உயரத்தில், எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளந்து வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். காற்றை அளக்க நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள், சரி. அந்தக் காற்றிலிருந்து வரும் மின்சாரத்துக்கு யூனிட் இத்தனை ரூபாய் என்று விலை வைப்பது யார்? முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் டெண்டர் கவர் பிரித்துக் காலம் தள்ளியவன் நான். அதனால் இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை. தேடித் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

காற்றாலைக் கதை தமிழ்நாட்டில் சீக்கிரமே தொடங்கிவிட்டது. வானிலை ஆய்வாளர் அன்னா மாணி நாடு முழுவதும் காற்றை அளந்து புள்ளிவிவரம் தொகுத்தவர். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் வந்தன. பிறகு முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று பரவியது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிற வேகம் தெரிந்ததுதானே. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது காற்றாலை சுற்றாதா?

அப்போது காற்றாலை போட்டவர்கள் பெரும்பாலும் கோவை, திருப்பூர் பக்கத்து மில்காரர்கள். அவர்களை இழுத்தது மின்சார விலை மட்டுமல்ல, வருமான வரிச் சலுகையும்தான். தொண்ணூறுகளில் காற்றாலைக்குப் போட்ட முதல் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். பிறகு அது 80 சதவீதம் ஆனது. ஒரு கோடி போட்டவர் அந்த ஒரு கோடியையும் லாபத்திலிருந்து கழித்துக் காட்டலாம் என்றால் ஆடிட்டரே காற்றாலை வாங்கச் சொல்லுவார். வரிக்காக வாங்கியவர்களுக்கு இயந்திரம் எத்தனை யூனிட் தருகிறது என்பதில் அக்கறை குறைவு என்ற விமர்சனமும் அன்றே இருந்தது. ஆனாலும் மில்லுக்கு வேண்டிய மின்சாரம் சொந்தக் காற்றாலையில் வந்தது. மிச்சத்தை வாரியம் வாங்கிக்கொண்டது.

2003-இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு பிரிவுகள். 62-ஆவது பிரிவின்படி மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தானே கணக்குப் போட்டு விலை நிர்ணயிக்கலாம். 63-ஆவது பிரிவின்படி டெண்டர் விட்டு, போட்டியில் வந்த விலையை ஆணையம் ஏற்றுக்கொள்ளலாம். முதல் வழி, அரசு கரும்புக்கு டன்னுக்கு இவ்வளவு என்று அறிவிப்பது போல. யார் கொண்டுவந்தாலும் அந்த விலை உண்டு. இயந்திரத்தின் விலை, வங்கி வட்டி, பராமரிப்புச் செலவு, நியாயமான லாபம் எல்லாவற்றையும் கூட்டி, வருடத்துக்கு எத்தனை யூனிட் வரும் என்று வகுத்து விலை போடுவார்கள். தமிழக ஆணையம் காற்றாலைக்கு 2006-இல் 2 ரூபாய் 90 காசு வைத்தது. 2009-இல் 3.39, 2012-இல் 3.51, 2016-இல் 4.16.

எண்களைப் பாருங்கள், ஏறிக்கொண்டே போகிறது. ஆணையத்திடம் செலவுக் கணக்கைக் கொடுப்பது யார்? பெரும்பாலும் விற்கிறவர்கள்தான். செலவு குறைந்துவிட்டது என்று தானாக வந்து சொல்லுகிற வியாபாரியை நான் பார்த்ததில்லை.

போட்டி முதலில் வந்தது சூரிய மின்சாரத்தில். 2010-இல் மத்திய அரசு தேசிய சூரிய சக்தித் திட்டத்தைத் தொடங்கியபோது, மத்திய ஆணையம் வைத்திருந்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு! அந்த விலையில் எவ்வளவு தள்ளுபடி தருவீர்கள் என்று என்டிபிசியின் துணை நிறுவனம் கேட்டது. அதிகத் தள்ளுபடி தந்தவருக்கு ஒப்பந்தம்.

நம் ஊர் ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். லட்ச ரூபாய்ச் சீட்டு. பெண்ணின் கல்யாணம் வைத்திருப்பவர் ஐயாயிரம் தள்ளி எடுத்துக்கொள்கிறேன் என்பார். கடன்காரன் வாசலில் நிற்கிறவர் எட்டாயிரம் என்பார். தள்ளு ஏற ஏற, கைக்கு வரும் தொகை குறையும். சாதாரண ஏலத்தில் விலை மேலே போகும், இதில் கீழே இறங்கும். அந்த முதல் சுற்றிலேயே 10 ரூபாய் 95 காசு வரை இறங்கினார்கள். அடுத்த வருடம், 2011 டிசம்பரில், 7 ரூபாய் 49 காசு. கணக்குப் போட்டு வைத்த விலைக்கும் போட்டியில் வந்த விலைக்கும் எத்தனை தூரம்!

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2012 யாருக்கும் மறந்திருக்காது. சென்னை நகரத்துக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், எல்லை தாண்டிய எங்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் அதைவிட அதிகம். தென் மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் மட்டும் நன்றாக இருந்தார்கள். அந்த அக்டோபரில்தான் முதல்வர் ஜெயலலிதா சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015-க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. உடனே 1,000 மெகாவாட்டுக்கு டெண்டரும் விட்டார்கள்.

கேட்ட அளவுக்கு ஆள் வரவில்லை. வந்ததில் மிகக் குறைந்த விலை 5 ரூபாய் 97 காசு. எங்கள் கொள்முதல் பாஷையில் இவர்தான் எல்-1. மற்றவர்களும் இதே விலைக்கு வருவார்களா என்று கேட்பது வழக்கம். அந்த விலைக்கு வர மற்றவர்கள் தயாராக இல்லை. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக 6 ரூபாய் 48 காசு, பத்து வருடத்துக்கு ஆண்டுதோறும் 5 சதவீத உயர்வு என்று முடிவானது. பத்து முறை ஐந்து ஐந்து சதவீதமாகக் கூட்டிப் பாருங்கள், பத்தரை ரூபாயைத் தாண்டும். டெண்டர் என்று தொடங்கி, நடுவில் அதை நிர்ணய விலையாக மாற்றினால் இரண்டின் நன்மையும் கிடைக்காது. என் மேலதிகாரி ஒருவர், "கவர் பிரித்த பிறகு விதியை மாற்றாதே, அடுத்த தடவை எவனும் ஒழுங்கான விலை போடமாட்டான்" என்பார். 2015 மார்ச்சில் மாநிலத்தில் இருந்த மொத்த சோலார் சுமார் 140 மெகாவாட்தான். 3,000 எங்கே, 140 எங்கே.

இதற்குள், 2014 செப்டம்பரில், ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. 2015 ஜூலை 4-ஆம் தேதி அதானி நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட்டுக்கு அந்த விலையில் ஒப்பந்தம் போட்டது. இன்னும் பல நிறுவனங்களும் அதே விலைக்குக் கையெழுத்திட்டன. ஏறக்குறைய அதே நாட்களில் மத்தியப் பிரதேசம் ஒரு டெண்டரைப் பிரித்தது. அங்கே வந்த குறைந்த விலை 5 ரூபாய் 5 காசு.

சும்மா இருப்பார்களா எதிர்க்கட்சிகள்? அங்கே ஐந்து ரூபாய், இங்கே ஏழு ரூபாயா என்று கேட்டார்கள். விலை வைத்தது ஆணையம், யார் வந்தாலும் அதே விலை, ஒருவருக்கென்று தனிச் சலுகை இல்லை என்று அரசு தரப்பில் பதில் வந்தது. பதில் சட்டப்படி சரிதான். ஆனால் கேள்வி அதுவல்ல. ஏன் 62-ஆவது பிரிவு, ஏன் 63 இல்லை என்பதுதான் கேள்வி.

நான் ஒரு சிறு கணக்குப் போட்டேன். சூரிய மின்நிலையம் வருடம் முழுவதும் சராசரியாகத் தன் திறனில் 19 சதவீதம் தரும் என்று வைத்துக்கொண்டால், 648 மெகாவாட்டில் வருடத்துக்குச் சுமார் 108 கோடி யூனிட். எல்லா யூனிட்டுக்கும் 7.01 கொடுத்தால், 5.05-ஐவிட வருடத்துக்கு 210 கோடி ரூபாய் அதிகம். ஒப்பந்தம் 25 வருடம். (இதில் ஒரு பகுதிக்கு எந்த விலை பொருந்தும் என்று பின்னால் வழக்கு நடந்தது தனிக் கதை.)

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2013 டெண்டரில் காகிதம் நிறைய வந்தது, மின்சாரம் வரவில்லை. நிலையான விலை வைத்தவுடன் 2,500 ஏக்கரில், சுமார் 4,550 கோடி ரூபாய்ச் செலவில் கமுதி மின்நிலையம் எழுந்து, 2016 செப்டம்பரில் முழுவதுமாக ஓடத் தொடங்கிவிட்டது. ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகின் பெரியவற்றில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. விலை தெரிந்தால் வங்கி கடன் கொடுக்கும், வங்கி கொடுத்தால் வேலை நடக்கும். மின்வெட்டில் வெந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். இருந்தாலும் ஏழு ரூபாய் அதிகம்தான் என்பது என் அபிப்பிராயம்.

2017-இல் எல்லாம் தலைகீழாக மாறியது. பிப்ரவரியில் மத்திய அரசின் செகி நிறுவனம் காற்றாலை மின்சாரத்துக்கு நாட்டிலேயே முதல் தடவையாக ஏலம் வைத்தது. இதில் மூடிய கவர் முதல் கட்டம் மட்டுமே. அதில் தேறியவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எதிராளியின் பெயர் தெரியாமல், விலையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். முடிகிற நேரத்தில் யாராவது குறைத்தால் இன்னும் சில நிமிடம் நீளும். மணிக்கணக்கில் நடக்கும். யூனிட் 3 ரூபாய் 46 காசில் முடிந்தது. நம் ஆணையம் வைத்திருந்த விலை 4.16.

அதே ஆண்டு டான்ஜெட்கோவும் களத்தில் இறங்கியது. மார்ச்சில் ஆணையம் சோலாருக்கு 4 ரூபாய் 50 காசு என்று உத்தரவு போட்டிருந்தது. சில மாதங்களிலேயே 1,500 மெகாவாட் டெண்டரில் வந்த விலை 3 ரூபாய் 47 காசு. நம் நெய்வேலி என்எல்சி அந்த விலைக்கு 709 மெகாவாட் எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் 500 மெகாவாட் காற்றாலை ஏலத்தில் 3 ரூபாய் 42 காசு. அதற்கும் கீழே, அக்டோபரில் செகி ஏலத்தில் 2.64, டிசம்பரில் குஜராத்தில் 2.43. சோலார் 2020 டிசம்பரில் குஜராத்தில் இரண்டு ரூபாய்க்கும் கீழே, 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது.

இது முழுக்க ஏலத்தின் மகிமை என்று சொல்லமாட்டேன். சீனாவிலிருந்து வந்த சோலார் பலகைகளின் விலை வீழ்ந்தது. காற்றாலைகள் உயரமாயின, இறக்கைகள் நீண்டன. ஏலம் செய்தது ஒன்றுதான். குறைந்த செலவின் பலன் விற்கிறவர் பையிலேயே தங்கிவிடாமல் வாங்குகிறவர் பக்கம் வரச் செய்தது.

சீட்டில் அவசரக்காரர் அளவுக்கு மீறித் தள்ளி எடுத்துவிட்டுப் பிறகு தவணை கட்ட முடியாமல் நிற்பார், பார்த்திருக்கிறோம். இங்கும் அது நடந்தது. ஒப்பந்தத்தை ஜெயித்துவிட்டு நிலம் கிடைக்காமல், மின்பாதை கிடைக்காமல், போட்ட விலை கட்டுப்படியாகாமல் இழுத்தடித்தவர்கள் உண்டு. நாட்டில் 2016-17-இல் புதிதாக வந்த காற்றாலைகள் சுமார் 5,500 மெகாவாட். ஏலத்துக்கு மாறிய அடுத்த வருடம் சுமார் 1,800-தான். ஏலத்தில் கலந்துகொள்ளவே 50 மெகாவாட் வேண்டும் என்றால், ஒன்றிரண்டு காற்றாலை வைத்திருந்த பல்லடத்து மில்காரருக்கு அங்கே என்ன இடம்? இந்தத் தொழிலை முதலில் நம்பிப் பணம் போட்டவர்கள் அவர்கள். காற்றாலையில் பல காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைப் பிறகு குஜராத் தாண்டிவிட்டது. 2022-23 வாக்கில் மத்திய அரசே காற்றாலைக்கு இந்தத் தலைகீழ் ஏலத்தை விலக்கி, மூடிய கவருக்குத் திரும்புவதாக அறிவித்தது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரக்கு வைத்த எங்கள் பழைய கவருக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்!

விலையில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவர் எப்போது பணம் தருவார் என்பது. மாதக்கணக்கில் இழுப்பவருக்கு எந்த வியாபாரியும் வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுவான். மளிகைக் கடைக் கணக்கு நோட்டுக்கு உள்ள அதே நியாயம். மாநில மின்வாரியங்களின் பாக்கி ஊரறிந்த விஷயம். செகி நடுவில் நின்று, யூனிட்டுக்கு 7 காசு எடுத்துக்கொண்டு, பணத்துக்குப் பொறுப்பேற்றதும் விலை இறங்க ஒரு காரணம்.

இப்போது ஏலத்துக்கு வரும் சரக்கே வேறு. பகலில் சோலார் மின்சாரம் கொட்டுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் போய்விடும், நாம் அப்போதுதான் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் போடுவோம். 2020 ஜனவரியில் செகி ஒரு ஏலம் வைத்தது. காற்று, வெயில், சேமிப்பு மூன்றையும் கலந்து, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கும் மின்சாரம் தர வேண்டும் என்பது நிபந்தனை. சாதாரண நேரத்துக்கு யூனிட் 2 ரூபாய் 88 காசு. உச்ச நேரத்துக்கு வந்த குறைந்த விலை 6 ரூபாய் 12 காசு.