பெருநாள் காலையில் ஒரு தூக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

2006ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று, விடியற்காலையில், பாக்தாத் நகரில் சதாம் உசேன் தூக்கிலிடப்பட்டார். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் எடுக்கப் போனேன். நான் உட்காருவதற்கு முன்பே ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார், பெருநாள் அன்னைக்குப் போய் ஏன் சார் தூக்குல போட்டாங்க?"

நம் ஊரிலும் அப்போதுதான் பக்ரீத் முடிந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "எத்தனை பேரைக் கொன்னவன் அவன்! நாள் கிழமை பார்த்தா கொன்னான்? உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. பையன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முழுவதும் அவன் என்னிடம் வேறு கேள்வி கேட்கவில்லை. அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. உறவினர்களுக்குத் தெரியும், எங்கள் அத்தான் குவைத்தில் ஒன்பது வருடம் டிரைவராக இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த இந்தியர்களில் ஏறத்தாழ 1,70,000 பேரை நம் அரசு மீட்டது. பெரும்பாலோர் பாலைவனம் கடந்து ஜோர்டான் போய், அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்தார்கள். அத்தானும் அப்படித்தான் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினார். அக்காவின் நகை, கட்டிக்கொண்டிருந்த வீடு எல்லாம் அதோடு போயிற்று. அதனால் சதாம் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் எங்கள் கஷ்டம் ஒரு கஷ்டமே இல்லை என்பதைப் பின்னால் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1982இல் துஜைல் என்ற ஊரில் சதாமைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதற்குப் பழிவாங்க அந்த ஊரைச் சேர்ந்த ஷியா ஆண்களும் சிறுவர்களுமாக 148 பேர் கொல்லப்பட்டார்கள். 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மேல் நச்சு வாயு குண்டுகள் போட்டார்கள். ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு குர்து கிராமங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. அந்த நடவடிக்கையில் மட்டும் குறைந்தது 50,000 பேர், ஒருவேளை 1,00,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று மனித உரிமை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அன்ஃபால்'. அது திருக்குர்ஆனின் எட்டாவது அத்தியாயத்தின் பெயர். குர்துகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களைக் கொன்றழித்த வேலைக்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே பெயர் எடுத்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரைக் கொல்லலாமா, கூடாதா? சமயங்கள் என்ன சொல்கின்றன?

இஸ்லாத்தில் 'கிஸாஸ்' என்று ஒரு முறை உண்டு. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு உயிருக்கு உயிர் கேட்கும் உரிமை இருக்கிறது. ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடவும் உரிமை இருக்கிறது. மன்னிப்பது மேலான செயல் என்றும் குர்ஆன் சொல்கிறது. பாக்தாத்தில் சதாமை விசாரித்தது ஷரீஅத் நீதிமன்றம் அல்ல, ஈராக் அரசு அமைத்த தனி நீதிமன்றம். ஆனாலும் இந்த முறையில் எனக்குப் பிடித்தது, முடிவு பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது என்பதுதான். அரியணையில் இருப்பவர் அவர்களுக்குப் பதிலாக ஆத்திரப்படுவதற்கு அங்கே இடம் குறைவு.

கத்தோலிக்கத் திருச்சபை அன்றைக்கு மரண தண்டனையை முழுவதும் தடை செய்திருக்கவில்லை. சமூகத்தைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மிக அரிதாக அனுமதிக்கலாம் என்பதே அப்போதைய போதனை. 2018இல்தான் போப் பிரான்சிஸ் அதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது என்று மாற்றினார். இருந்தும், தீர்ப்பு வந்த 2006 நவம்பரிலேயே வத்திக்கானின் கர்தினால் ரெனாட்டோ மார்ட்டினோ, ஒரு குற்றத்தை இன்னொரு குற்றத்தால் தண்டிப்பது சரியல்ல என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

நம் வள்ளுவரோ செங்கோன்மை அதிகாரத்தில், கொடியவர்களுக்கு அரசன் தரும் மரண தண்டனையைக் களை பறிப்பதற்கு ஒப்பிடுகிறார். நான் அந்தக் கருத்தைப் பலமுறை வகுப்பில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அன்று அந்தப் பையனிடமும் அதே மனநிலையில்தான் பேசினேன். பின்னால்தான் யோசித்தேன். களை பறிப்பது பயிருக்காக. பயிரை மிதித்துக்கொண்டு யாரும் களை பறிப்பதில்லை. பாக்தாத்தில் நடந்தது அதுதானோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். சதாமுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது துஜைல் வழக்கு ஒன்றில் மட்டும்தான். 2006 நவம்பர் 5 அன்று தீர்ப்பு. டிசம்பர் 26 அன்று மேல்முறையீடு தள்ளுபடி. நான்கே நாளில் தூக்கு. அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். முதலில் இருந்த தலைமை நீதிபதி பாதியிலேயே விலகினார். பண்டிகை நாளில் தூக்கிலிடக் கூடாது என்று ஈராக்கின் சட்டமே சொல்கிறது. டிசம்பர் 30 அங்குள்ள சன்னி முஸ்லிம்களுக்குத் தியாகப் பெருநாள். ஷியாக்களுக்கு மறுநாள். ஆட்சியில் இருந்தவர்கள் ஷியாக்கள். எங்களுக்குப் பெருநாள் நாளைக்குத்தானே என்பது போல் காரியத்தை முடித்தார்கள். ஹஜ் யாத்ரிகர்கள் மக்காவில் கூடியிருந்த நேரம் அது. சவூதி அரேபியா கூட வருத்தம் தெரிவித்தது.

அரசு வெளியிட்ட படத்தில் சத்தம் இல்லை. ஆனால் அங்கே இருந்த யாரோ கைப்பேசியில் எடுத்த படத்தில் எல்லாம் கேட்டது. கழுத்தில் கயிறு மாட்டிய மனிதரைப் பார்த்துச் சிலர் ஏளனம் செய்கிறார்கள், தங்கள் தலைவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள். ஒரு நாட்டின் தண்டனை ஒரு கூட்டத்தின் பழிவாங்கலாக மாறியதை உலகமே பார்த்தது. சதாமை வெறுத்த பலரே அன்று அவர்மேல் இரக்கப்பட்டார்கள். கொடுங்கோலனுக்கு அந்த இரக்கத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது அவரைக் கொன்றவர்கள்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் குர்துகளுக்கு. அன்ஃபால் வழக்கு 2006 ஆகஸ்டில் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. உயிர் தப்பிய கிராமத்து மக்கள் வந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூக்குக்குப் பிறகு 2007 ஜனவரி 8 அன்று நீதிமன்றம் மீண்டும் கூடியபோது சதாம் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவர் இருக்கை காலியாக இருந்தது. ஹலப்ஜா வழக்கு அதற்கும் பின்னால்தான் வந்தது. குவைத் படையெடுப்பும் தொடக்கக் குற்றப்பட்டியலில் இருந்தது. அதற்காக அவர் ஒரு நாள் கூட விசாரிக்கப்படவில்லை. ஆக, 148 பேரின் கணக்குத்தான் தீர்ப்பில் ஏறியது. ஆயிரம் ஆயிரமாகச் செத்தவர்களின் கணக்கில் அவர் பெயருக்கு நேரே எந்தத் தீர்ப்பும் இல்லை.

எருசலேமில் நடந்த ஐக்மன் வழக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹிட்லரின் ஆட்சியில் யூதர்களை ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பியதில் முக்கியப் பங்கு அவருக்கு. 1961இல் உயிர் பிழைத்தவர்கள் நூறு பேர் போல அவர் முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள். எல்லாம் கேட்ட பிறகே 1962இல் தூக்கிலிட்டார்கள். அப்போதும் மார்ட்டின் பூபர் என்ற யூதத் தத்துவ அறிஞர் கூடாது என்று பிரதமரிடம் முறையிட்டார். இந்த ஒரு சாவோடு கணக்கு முடிந்தது என்று ஜெர்மானிய இளைஞர்கள் நினைத்துவிடுவார்களே என்பது அவர் கவலை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அன்றைய ஈராக் அதிபர் ஜலால் தலபானி ஒரு குர்து. சதாமை எதிர்த்து ஆயுதம் எடுத்துப் போராடியவர். அவருடைய மக்கள்தான் அன்ஃபாலில் செத்தவர்கள். ஆனால் மரண தண்டனை கூடாது என்ற கொள்கை உடையவர். தூக்கு ஆணையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. பிரதமர் மாலிக்கி போட்டார். இழந்தவரே கை நடுங்கி விலகி நின்றபோது, ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஆவேசப்பட்டேன்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். அத்தானுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அமத்துங்க மாப்ளே. இந்தாளு செத்தா என் ஒம்பது வருசம் திரும்பி வருமா? என்ன நடந்துச்சுன்னு எங்ககிட்ட ஒருத்தனும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் பையனை உட்கார வைத்தேன்.

சதாம் செத்திருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஹலப்ஜாவில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் உயிருக்கு உயிர் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் தாயை முதலில் பேசவிட வேண்டும். அவள் பேசி முடிக்கும்வரை அந்த ஆள் கூண்டில் நின்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கொல்வதா, சாகும்வரை சிறையில் வைப்பதா என்று பேசலாம். அவசரப்பட்டுத் தூக்கில் போட்டதால் அவர் அதைக் கேட்காமலே தப்பித்துப் போனார் என்றுதான் எனக்குப் படுகிறது.

தம்பி, நீ இதைப் படிப்பாயோ தெரியாது. பெருநாள் அன்று ஏன் என்று நீ கேட்டது சரியான கேள்வி. தண்டிக்கும்போதும் ஒரு முறை வேண்டும், எதிராளிக்கும் ஒரு பெருநாள் உண்டு என்பது உனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே தெரிந்திருந்தது. நாற்பது தாண்டிய வாத்தியாருக்குத் தெரியவில்லை. உன்னை எல்லோர் முன்னாலும் சிரிக்க வைத்து உட்கார வைத்ததற்கு எல்லோர் முன்னாலுமே வருத்தம் தெரிவிக்கிறேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். சண்டை மட்டும் வேண்டாம். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்