ஐம்பொன்னும் களிம்பும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை முதலாம் இராசேந்திரன் தலைநகராக எழுப்பியது 11ஆம் நூற்றாண்டில். அங்கிருக்கும் போகசக்தி, சுப்பிரமணியர் செப்புத் திருமேனிகள் சோழர் வார்ப்புக்கலையின் உச்சம் என்று பேர் பெற்றவை. அந்தக் காலத்து இரும்பு மண்ணில் கிடந்திருந்தால் துருவாகியிருக்கும். இவை நிற்பதற்கு முதல் காரணம், மூசையில் எதை எதோடு சேர்த்தார்கள் என்பதுதான்.

பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், காரீயம் என்று ஐம்பொன் கணக்கை எல்லாரும் ஒப்பிப்பார்கள். ஆய்வுக்கூடம் காட்டுவது வேறு. சோழர் காலத் திருமேனிகளில் பெரும்பங்கு செம்பு. கூடவே வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் துளியளவே.

வெள்ளீயம் செம்போடு ஒன்றாகக் கரைந்து உலோகத்தைக் கெட்டிப்படுத்தும். மண்ணுக்குள் செம்பு மெல்ல அரிபட்டு வெளியேறும்போது, வெள்ளீயம் ஆக்சைடாகி மேற்பரப்பிலேயே தங்கும். புதைந்து கிடந்த படிமங்கள் சிலவற்றில் நகையின் நுண்வேலை அழியாதிருப்பது இதனால்தான். காரீயத்தின் குணம் நேரெதிர். அது செம்பில் கரையாமல் சிறு மணிகளாகத் தனித்து நிற்கும். உருகிய குழம்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓட அது உதவும். ஆனால் கரிம அமிலம் பட்டால் எளிதில் அரிபடும்.

இன்னொரு துணை, வார்ப்பு முறை. தமிழகத்துத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே பொள்ளல் இல்லாத கன வார்ப்பு. மேலே களிம்பு பிடித்தாலும் உள்ளே கெட்டி உலோகம் மிஞ்சும்.

1311இல் மாலிக் காபூர் படையெடுத்து வந்த காலத்திலும் அதற்குப் பின்னும் பல கோயில்களில் உற்சவமூர்த்திகளை மண்ணுக்குள் மறைத்தார்கள். நூற்றாண்டுகள் கழித்து உழும்போதும் குழி தோண்டும்போதும் அவை வெளிப்பட்டன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியே பல, சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. மண்ணின் உப்பும் அவற்றோடு வந்தது. அந்த உப்பிலுள்ள குளோரைடு உள்ளே தங்கிவிட்டால், காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடி உதிரத் தொடங்கும். அந்த வினையில் பிறக்கும் அமிலம் மறுபடி செம்பை அரிக்கும், சுழற்சி நிற்காது. இதற்காகவே 1930இல் அங்கே வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன், திருமேனியைக் காரக் கரைசலில் எதிர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியேற்றினார்.

பல் மருத்துவமும் இதே எதிரியோடுதான் மல்லுக்கட்டியது, உமிழ்நீரிலும் குளோரைடு உண்டு. பற்குழியை அடைக்கும் பழைய பாதரசக் கலவையில், வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பகுதியே முதலில் அரிபட்டது. 1963இல் கனடா ஆய்வாளர்கள் இன்னஸ், யூடெலிஸ் இருவரும் செம்பைக் கூட்டிய கலவையை அறிவித்தனர். செம்பு வெள்ளீயத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ள, அந்த நலிந்த பகுதி குறைந்தது.

திருமேனிகளுக்கு அரிப்போடு களவும் ஆபத்து. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானின் நடராசர் களவுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014 செப்டம்பரில் இந்தியா திரும்பினார். மீட்ட சிலைகள் பலவற்றுக்கு இன்று உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களே இருப்பிடம். பூட்டிய அறையில் கள்வன் பயம் குறையும், ஈரத்தின் பயம் குறையாது. கெட்டியாக ஒட்டிய கரும்பச்சைப் படலத்தைச் சுரண்டக் கூடாது. அது உலோகத்துக்குக் காப்பு. விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடியைக் கண்டால் அந்தத் திருமேனியைத் தனியே எடுத்து வைத்து, உலர்ந்த காற்றில் காத்து, வேதியியலாளரை அழைக்க வேண்டும்.