தவணை முறையில் ஒரு மறுப்பு: இங்கிலாந்தின் ஊர்ப்புறக் கேரவன் மனைகளும் தற்காலிக அனுமதியும்

இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் கேரவன் நிறுத்திக் குடியிருக்க ஜிப்சி, டிராவலர் குடும்பங்கள் கேட்கும் திட்ட அனுமதிகளைப் பற்றிய ஆய்வுகளில் பழகிப்போன ஒரு கணக்கு உண்டு. விண்ணப்பங்களை வழங்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை என இரண்டாகப் பிரிப்பார்கள். மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ கிடைத்த தற்காலிக அனுமதியை முதல் வகையில் சேர்த்துவிடுவார்கள். மறுப்புக்குக் காரணம் உள்ளூர் மன்றத்தின் வெறுப்பு. தற்காலிக அனுமதி, அந்த வெறுப்பைத் தாண்டி மேல்முறையீட்டில் திட்ட ஆய்வாளர் காட்டிய பரிவு. இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. 2012 முதல் 2024 வரை தற்காலிக அனுமதி பெரும்பாலும் மறுப்பின் இன்னொரு வடிவமாகவே இயங்கியது. அதற்கு வழிவகுத்தது உள்ளூர் வெறுப்பு மட்டுமன்று, அரசின் கொள்கை ஆவணத்தில் இருந்த ஒரு பத்தியும்தான்.

2012 மார்ச் 23 அன்று வெளியான டிராவலர் மனைகளுக்கான திட்டக் கொள்கையின் 25ஆம் பத்தி அது. 2015 ஆகஸ்ட் திருத்தத்தில் 27ஆம் பத்தியானது. ஐந்தாண்டுத் தேவைக்குப் போதுமான மனைகள் கைவசம் இருப்பதாக ஒரு மன்றத்தால் காட்ட முடியவில்லை என்றால், தற்காலிக அனுமதி கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது அந்தப் பற்றாக்குறைக்குக் குறிப்பிடத்தக்க இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். நான்கு நாள் கழித்து, மார்ச் 27 அன்று, அதே அமைச்சகம் தேசியத் திட்டக் கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டது. அதன்படி, வீடுகளுக்கான ஐந்தாண்டு நிலக் கையிருப்பைக் காட்ட முடியாத மன்றத்தின் வீட்டுநிலக் கொள்கைகள் காலாவதியானவையாகக் கருதப்படும். கேடு நன்மையைத் தெளிவாக விஞ்சினால் ஒழிய அனுமதி தரப்பட வேண்டும் (அனுமதியின் பக்கம் சாயும் இதைச் சாய்வு விதி எனலாம்). அது நிரந்தர அனுமதி. ஒரே வகைப் பற்றாக்குறை, செங்கல் வீட்டுக்கு நிரந்தர உரிமைக்கான காரணமாயிற்று. கேரவனுக்குத் தவணைக்கான காரணமாயிற்று. அந்தத் தவணைச் சலுகையும்கூட ஓராண்டு கழித்தே நடைமுறைக்கு வந்தது.

எதிர்வாசிப்பு ஒன்று உண்டு. அது பொருட்படுத்தத் தக்கது. மனைகளின் தேவையும் அப்போதைய இருப்பும் எல்லா விண்ணப்பங்களிலும் கருதப்பட வேண்டும் என்று அதே ஆவணத்தின் வேறொரு பத்தி சொல்கிறது. ஆகவே 25ஆம் பத்தி நிரந்தர அனுமதியை விலக்கவில்லை, தற்காலிக அனுமதிக்குக் கூடுதல் வலு சேர்க்கிறது, அவ்வளவே என்பது அந்த வாசிப்பு. வாக்கிய அமைப்பு இதற்கு இடம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நகரம் பரவாமல் தடுக்கக் காக்கப்படும் பசுமை வளையத்துக்குள் வீடுகளுக்கும் அந்தச் சாய்வுச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் மேல்முறையீட்டு முடிவுகளில் இந்தப் பத்தி என்ன வேலை செய்தது என்று பார்த்தால் படம் மாறுகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அமைப்பு இது: ஆய்வாளர் முதலில் நிரந்தர அனுமதியை எடைபோடுகிறார். ஒரு பக்கம் நிலத்தோற்றத்துக்கு வரும் கேடு. மறுபக்கம் மனைத் தட்டுப்பாடு, நோயுற்ற பெரியவர், பள்ளி செல்லும் பிள்ளைகள். கேடே கனக்கிறது. பிறகு அதே பொருள்களைத் தற்காலிக அனுமதிக்காக மறுபடியும் எடைபோடுகிறார். இப்போது கேடு காலவரையறைக்கு உட்பட்டது, எனவே குறைவு. தட்டுப்பாட்டுக்கோ 25ஆம் பத்தி புதிய கனம் தருகிறது. தட்டு சாய்கிறது. தட்டுப்பாட்டின் முழுக்கனமும் இரண்டாவது எடையில்தான் ஏறுகிறது. முதல் எடையில் அது பல காரணிகளுள் ஒன்றாகவே நின்றுவிடுகிறது. ஆவணம் நிரந்தரத்தை விலக்கவில்லை என்பது சரி. அதை விலக்கத் தேவையில்லாத ஒரு வழியை ஆய்வாளருக்கு அமைத்துக் கொடுத்தது என்பதே என் வாதம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? ஜிப்சி, டிராவலர் மனைகள் குறித்த அரசின் 2006ஆம் ஆண்டு முதலாம் சுற்றறிக்கையிலும் தற்காலிக அனுமதி இருந்தது. முந்தைய ஆய்வுகள் இதைச் சுட்டி, 2012 வெறும் தொடர்ச்சிதான் என்கின்றன. அங்கேதான் பிழை. 2006இல் அந்த அனுமதி ஒரு கால அட்டவணையின் மேல் நின்றது. 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி மன்றங்கள் தேவையைக் கணக்கெடுக்கும். மண்டலத் திட்டம் மாவட்டங்களுக்கு இத்தனை மனைகள் என்று பங்கிடும். மாவட்ட மன்றம் இடம் ஒதுக்கும். தவணை முடிவதற்குள் மாற்றிடம் வரும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் இருந்தால் தற்காலிக அனுமதியைக் கருதலாம் என்றது சுற்றறிக்கை. 2010இல் வந்த கூட்டணி அரசு மண்டலத் திட்டங்களைக் கைவிட்டது; 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அவற்றை ஒழிக்க வகைசெய்தது. மனை அமைத்துத் தரும் கட்டாயக் கடமையோ 1994இலேயே நீக்கப்பட்டிருந்தது. அக்கரை இல்லாமல் பாலம் மட்டும் மிஞ்சியது. தவணையின் முடிவில் என்ன வரும் என்ற கேள்விக்கு 2012 ஆவணத்தில் விடை கிடையாது.

காலம் கொடுத்தால் இடம் தானாக வரும் என்ற நம்பிக்கை எப்படி முடியும் என்பதற்கு எசெக்ஸ் கவுண்டியில் இருந்த டேல் ஃபார்ம் என்ற டிராவலர் குடியிருப்பே போதும். அங்கே அனுமதியே கிடைக்கவில்லை. ஆனால் 2003இல் மேல்முறையீட்டைத் தள்ளிய அமைச்சர், மாற்றிடம் தேட இரண்டாண்டு அவகாசம் தந்தார். 2005இல் அவகாசம் தீர்ந்தது. 2011 அக்டோபரில் காவல்துறை உதவியுடன் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோதும் அவை போவதற்குப் போதிய மனைகள் இல்லை.

மனித உரிமை வாதம் இந்தப் பொறியை உடைக்கும் என்று கருதியவர்கள் உண்டு. 2001இல் சாப்மேன் என்ற ஜிப்சி குடும்பத்தின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 10க்கு 7 என்ற கணக்கில் குடும்பத்துக்கு எதிராகத் தீர்த்தாலும், ஜிப்சி மக்களின் வாழ்க்கைமுறைக்கு வழிவிடும் கடமை அரசுக்கு உண்டு என்றது. ஆனால் போக இடமில்லாத குடும்பத்தை வெளியேற்றுவது அளவுமீறியது என்று வாதிட்டால், மூன்றாண்டுத் தவணை அந்த வாதத்துக்குப் போதுமான விடையாகிவிடுகிறது. உரிமைக்கு மதிப்பளித்ததாகவும் ஆயிற்று, நிலத்தை விட்டுக்கொடுக்காததாகவும் ஆயிற்று.

தவணை குடும்பத்துக்கு என்ன செய்கிறது என்பதை ஆய்வுகள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கின்றன. தவணை முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்றி நிலத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அந்த நிலையில் கழிவுத்தொட்டிக்கும், தளம் போடுவதற்கும், சமையலறையும் குளியலறையும் சேர்ந்த சிறு கட்டடத்துக்கும் யார் பணம் போடுவார்கள்? போடாததால் இடம் அரைகுறையாகவே நிற்கும். அடுத்த விசாரணையில் அந்த அரைகுறைத் தோற்றமே நிலத்தோற்றக் கேடு என்று அவர்களுக்கு எதிராக எழும்.

தற்காலிக அனுமதி இல்லாவிட்டால் மறுப்புதானே மிஞ்சும் என்று கேட்கப்படலாம். ஒரு குடும்பத்தின் வழக்கில் அது சரி. கொள்கைக்கு அது நியாயம் ஆகாது; அந்த இரண்டு வழிகளை மட்டும் விட்டுவைத்தது கொள்கையே. அனுமதிக்கு முன்பே நிலத்தில் குடியேறுகிறார்களே என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது: தட்டுப்பாடு குடியேற்றத்துக்கு முந்தியது.

2015 திருத்தம் இந்தச் சலுகையையும் குறைத்தது. பசுமை வளையம், தேசியப் பூங்கா, இயற்கை எழில் பகுதி ஆகியவற்றில் பற்றாக்குறைக்கு அந்தக் கூடுதல் கனம் இல்லை என்றது. சரே கவுண்டியின் டேன்ட்ரிட்ஜ் மாவட்டத்தில் ஏறக்குறைய 94 விழுக்காடு நிலம் பசுமை வளையம். அங்கே அந்தப் பத்தியால் பயன்பெறக்கூடிய நிலம் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை.

2024 டிசம்பரில் பத்தி மாற்றி எழுதப்பட்டது. மனைப் பற்றாக்குறை இப்போது வீடுகளுக்கான அதே சாய்வு விதியைத் தூண்டுகிறது. தற்காலிகம் என்ற வரம்பு போய்விட்டது. முந்தைய வாசிப்பு சரியாக இருந்திருந்தால் இந்த மாற்றத்துக்குத் தேவையே இருந்திருக்காது. இனி கேள்வி, பழைய விதியின்கீழ் தவணை பெற்று அது முடியும் தறுவாயில் இருக்கும் குடும்பங்களைப் பற்றியது. அவர்கள் நிரந்தர அனுமதி கேட்டு வரும்போது, முன்பு தற்காலிகமாகவே தரப்பட்டது என்பதை அந்த இடம் பொருந்தாதது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த முடிவு இடத்தின் தகுதியை மட்டும் அளந்து எடுக்கப்பட்டதல்ல. அப்போது இருந்த பத்தி, தட்டுப்பாட்டை முழுதாக எடைபோட அந்த ஒரு வழியைத்தான் விட்டுவைத்திருந்தது.