அந்தும் தவிட்டுப்புறாவும்

பத்தாயத்தைத் திறந்ததும் முகத்தருகே எழுந்து பறக்கும் வைக்கோல் நிறச் சிறு பூச்சியை அந்து என்றும், களத்தில் சிந்திய மணிகளைப் பொறுக்க வந்திறங்கும் புறாவைத் தவிட்டுப்புறா என்றும் நம் குடியானவர்கள் வழங்குவதில், முன்னது இடுகுறியாகவும் பின்னது காரணப்பெயராகவும் நிற்பது கவனிக்கத்தக்கது.

புறாவின் பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. சங்க நூல்களில் புறவு என வருவதும் இன்றைய புறாவும், சுறவும் சுறாவும் போல ஒரு சொல்லின் இரு வடிவங்களே. (புறவு முல்லை நிலத்தையும் குறிக்குமாதலால் அவசரமாகப் படிப்போர் மயங்குவதுண்டு.) தவிடு என்பதோ முதுகின் வர்ணம் பற்றி வந்த அடைமொழி, தவிட்டுக்குருவியின் பெயரும் அவ்வாறு அமைந்ததே.

அந்தின் சரித்திரம் அத்தனை எளியதன்று. நெல்மணியின்மேல் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் மயிரிழையொத்த புழு, உமியின் இடுக்கு வழியே உள்ளே புகுந்து அரிசியைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகுமுன், பின்னர்த் தான் வெளியேறுவதற்கென்று தோலில் வட்டமாக ஒரு மூடியை அரிந்து வைத்துவிடுகிறது. அந்த வட்டத் துளையைக் கண்ட பிறகே 'அந்து விழுந்துவிட்டது' என்று வீட்டார் நொச்சியிலையும் வேப்பிலையும் தேடுகின்றனர். சிறகு முளைத்த அந்து நெல்லைத் தின்பதில்லை என்பதும், பழியெல்லாம் புழுவுக்கே உரியது என்பதும் பலர் அறியாதவை.

பிரான்ஸின் அங்கூமுவா மாகாணத்தில் இது கோதுமையை அழித்தபோது, துயமேல், தில்லே என்னும் இரு அறிஞர்கள் 1760இல் அங்கு சென்று ஆராய்ந்து, 1762இல் நூலும் வெளியிட்டனர். தானியத்தைச் சுட்டும் செரியலெல்லா என்ற விஞ்ஞானப் பெயரை ஒலிவியே இதற்கு இட்டது 1789இல். நம் நாட்டுத் தவிட்டுப்புறாவுக்குக் காம்பே நகரின் பெயரால் காம்பாயென்ஸிஸ் என்று கிமெலின் பெயரிட்டதும் அதே ஆண்டிலேதான்.

பிற்காலத்துப் பாடநூலாசிரியர்கள் அந்துப்பூச்சி என்பதை இவ்வின முழுமைக்கும் பொதுப்பெயராக்கிவிட்டனர். விளக்கில் விழும் விட்டில் என்ற பழஞ்சொல் இருந்தும், அது வெட்டுக்கிளியையும் குறிப்பதால் அதை ஒதுக்கினர் போலும். ஆயினும் தானியத்தையே அறியாமல் அரளியிலையைத் தின்று வளரும் பெரும்பூச்சியையும் அந்து என்பது, புறாக்கள் அனைத்தையும் தவிட்டுப்புறா என்பதற்கு ஒப்பான பொருந்தாப் பிரயோகமே.